பத்து நிமிட ஒத்திகை, அரை மணி நேரப் பேச்சு

நர்சிங் கல்லூரியின் ஸ்கில் லேபில் (பயிற்சிக்கூடத்தில்) நரம்பில் கேனுலா போடுவதிலிருந்து சிறுநீருக்குக் கதீட்டர் வைப்பது வரை பிசகில்லாமல் செய்து காட்டும் மாணவி, வார்டில் ஒரு நோயாளிக்கு மூச்சு வாங்கத் தொடங்கினால் ஏன் நின்ற இடத்திலேயே நிற்கிறாள்? நர்சிங் ஆசிரியர்கள் கூடும் இடத்திலெல்லாம் இந்தக் கேள்வி வரும். "இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு அக்கறை இல்ல" என்ற பதிலும் கூடவே வரும். அதை நான் ஏற்பதில்லை. நாம் சொல்லிக்கொடுத்ததை அவள் சரியாகவே செய்கிறாள். டெமோ, அதை மாணவி திருப்பிச் செய்து காட்டும் ரிடர்ன் டெமோ, செக்லிஸ்ட், லாக் புக்கில் கையெழுத்து என்று போகிற வழக்கத்தில் கைக்குப் பயிற்சி உண்டு. எதைக் கவனிப்பது, எப்போது முடிவெடுப்பது, யாரிடம் என்ன சொல்வது என்பதற்குப் பயிற்சி கிடையாது.

நான் மகப்பேறு நர்சிங் பாடம் எடுப்பவள். எங்கள் பிள்ளைகளில் பலர் படித்து முடித்ததும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சிறிய தனியார் மருத்துவமனைகளிலும் நைட் டியூட்டி பார்க்கப் போகிறவர்கள். அங்கே கூப்பிட்ட குரலுக்கு வர நாலு சீனியர்கள் இருக்க மாட்டார்கள். ஆகவே படிக்கும் காலத்திலேயே அந்த இரவை ஒரு முறையாவது அவர்கள் பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணத்தில்தான் என் வகுப்பை மாற்றத் தொடங்கினேன்.

இந்திய நர்சிங் கவுன்சில் 2021-இல் பி.எஸ்சி. நர்சிங்கை செமஸ்டர் முறைக்குக் கொண்டுவந்தபோது சிமுலேஷனும், அதாவது நிஜ நிலைமையை நடித்துப் பழகும் பயிற்சியும், பாடத்திட்டத்துக்குள் வந்தது. கல்லூரிகள் பயிற்சிக்கான புது டம்மிப் பொம்மைகள் வாங்கின. வாங்கிய டம்மிகள் இன்ஸ்பெக்ஷன் நாளில் மட்டும் உறை கழற்றப்படுவதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் பொருள் இருப்பதும் இல்லாததும் இரண்டாம் விஷயம். அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு மருத்துவமனையின் நர்சிங் பள்ளிக்கு 1911-இலேயே ஆளுயரப் பொம்மை வந்துவிட்டது. பொம்மை செய்யும் சேஸ் நிறுவனம் செய்து கொடுத்த அதற்கு 'மிசஸ் சேஸ்' என்று பெயர். உடை மாற்றவும், புரட்டிப் படுக்க வைக்கவும் அதில் பழகினார்கள். நூறு ஆண்டு கடந்தும் நம் லேபில் டம்மியின் வேலை பெரும்பாலும் அதுவாகவே இருக்கிறது. அது வலிக்கிறது என்று சொல்லாது, அதன் நிலைமை திடீரென்று மோசமாகாது, "என் மகளுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்க அதற்கு ஒரு தாய் வெளியே நிற்க மாட்டாள். இந்த மூன்றையும் சேர்த்தால்தான் அது நர்சிங் ஆகும்.

முதலில் செலவே இல்லாத ஒரு வகுப்பைச் சொல்கிறேன். பிரசவத்துக்குப் பின் வரும் ரத்தப்போக்கு பாடத்தில் "500 மில்லிக்கு மேல் போனால் ஆபத்து" என்று எல்லோரும் எழுதுவார்கள். 500 மில்லி எப்படி இருக்கும் என்று கேட்டால் பதில் வராது. சிவப்புச் சாயமும் கொஞ்சம் மைதாவும் கரைத்த தண்ணீரை அளந்து, வெவ்வேறு பொருள்களில் ஊற்றி, லேபில் ஐந்தாறு இடங்களில் வைப்போம். நனைந்த பேட் ஒன்று, நன்றாக ஊறிய பெரிய மாப் (ரத்தம் ஒற்றும் துணி) ஒன்று, நிரம்பிய கிட்னி ட்ரே ஒன்று, தரையில் ஒரு மீட்டர் அகலத்துக்குப் பரவிய ரத்தம், பாதி நனைந்த பழைய புடவை. மாணவிகள் ஒவ்வொன்றாகப் பார்த்து, பேசிக்கொள்ளாமல், தங்கள் மதிப்பீட்டைத் தாளில் எழுத வேண்டும். பிறகு உண்மை அளவைச் சொல்வோம். முழுதாக நனைந்த பேட் சுமார் 100 மில்லி. பெரிய மாப் 350. கிட்னி ட்ரே 500. தரையில் பரவியது ஒன்றரை லிட்டர். தரைக்கு எழுதப்பட்ட எண்கள் அநேகமாக எல்லாமே பாதிக்கும் கீழே இருக்கும். கொஞ்சமாக இருந்தால் கூட்டியும் நிறைய இருந்தால் குறைத்தும் மதிப்பிடுவது மனிதக் கண்ணின் இயல்பு. அதைச் சொல்லிக் கேட்பதும் தன் கையெழுத்திலேயே பார்ப்பதும் ஒன்றல்ல.

அதன் பிறகுதான் 2023-இல் வெளியான ஈ-மோட்டிவ் ஆய்வைப் பற்றிப் பேசுவேன். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நான்கு நாடுகளில், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களில் செய்த ஆய்வு அது. தாயின் அடியில் அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பு வைத்து ரத்தத்தை அளந்து, உடனே ஒரே தொகுப்பாகச் சிகிச்சை கொடுத்த மருத்துவமனைகளில் 93 சதவீத ரத்தப்போக்கு கண்டுபிடிக்கப்பட்டது. வழக்கமான முறையில் 51 சதவீதம்தான். கடும் ரத்தப்போக்கும், அதற்காகச் செய்யும் அறுவையும், மரணமும் சேர்ந்த கணக்கு 60 சதவீதம் குறைந்தது. தங்கள் தாளைக் கையில் வைத்துக்கொண்டு இதைக் கேட்கும் பிள்ளைகளுக்கு விளக்கம் தேவைப்படுவதில்லை. "அப்போ நம்ம லேபர் ரூம்ல ஏன் மேடம் அளக்கல?" என்று அவர்களே கேட்பார்கள்.

அடுத்தது ஒத்திகை. இதற்கென்றே மாமா நட்டாலி என்ற கருவி இருக்கிறது. வயிற்றில் கட்டிக்கொள்ளும் பை போன்றது. கட்டியிருப்பவரே ரத்தத்தைத் திறந்துவிடலாம், கருப்பை இறுகுவதையும் தளர்வதையும் கையால் கட்டுப்படுத்தலாம். அது இல்லாத இடத்தில் பழைய டிரிப்ஸ் பாட்டிலும் டியூபும் புடவையும் போதும். எப்படியானாலும் தாயாக ஓர் ஆள் படுத்திருக்க வேண்டும். அதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

எங்கள் அடிப்படைக் கதை எப்போதும் ஒன்றுதான். இரவு 2 மணி, ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், பிரசவம் முடிந்து இருபது நிமிடம். தாயாகப் படுத்திருப்பவர் ஒரு டியூட்டர். அவர் முதலில் சொல்வது "ரத்தம் போகுது" என்றல்ல. "சிஸ்டர், என்னமோ பண்ணுது... தண்ணி குடுங்க" என்பார். நம் ஊர்ப் பெண்கள் அப்படித்தான் சொல்வார்கள். பாடப்புத்தக வரியை எதிர்பார்த்து நிற்கும் பிள்ளைக்கு அதில் ஆபத்து தெரியாது. பி.பி. கேட்டால் 110/70 என்போம், நாடி 120. பி.பி. நன்றாக இருக்கிறதே என்று சிலர் நிம்மதியாகிவிடுவார்கள். நாடி எண், பி.பி.யின் மேல் எண்ணான சிஸ்டாலிக்கைத் தாண்டிவிட்டது, உடல் இதுவரை சமாளித்துக்கொண்டிருக்கிறது, பி.பி. கடைசியில்தான் விழும் என்பது அங்கே அவர்கள் கண்டுபிடிக்க வேண்டியது.

கருப்பையை இறுக்கி ரத்தத்தை நிறுத்தும் ஆக்ஸிடோசினை ட்ரேயில் வைக்க மாட்டோம். அது 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டிய மருந்து என்பதால் அடுத்த அறை ஃப்ரிட்ஜில் இருக்கும். யாரை அனுப்புவது, அவள் வரும்வரை யார் கருப்பையை மசாஜ் செய்வது, சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கிறதா என்று யார் பார்ப்பது, நஞ்சுக்கொடி முழுதாக வந்ததா, கிழிசல் இருக்கிறதா என்று எப்போது பார்ப்பது, 16 அல்லது 18 கேஜ் கேனுலா எங்கே, ரத்தக் கட்டு கரையாமல் தடுக்கும் டிரானெக்ஸமிக் ஆசிட் ஒரு கிராம் எவ்வளவு மெதுவாகப் போக வேண்டும், 108-ஐ யார் கூப்பிடுவது என்பதெல்லாம் ஒரே நேரத்தில் வந்து விழும். கதையை வேறொரு நாள் மாற்றி, தாயின் கேஸ் ஷீட்டில் கர்ப்பகால உயர் ரத்த அழுத்தம் என்று ஒரு வரி எழுதிவைப்போம். ட்ரேயில் மெத்தர்ஜின் ஆம்பூல் இருக்கும். கருப்பையை இறுக்கும் அந்த மருந்து ரத்த அழுத்தத்தையும் ஏற்றிவிடும். அதை உடைக்கப் போகும் கையைக் கூட இருப்பவள் தடுக்கிறாளா என்று பார்ப்போம். வெளியே இன்னொரு டியூட்டர் மாமியாராக நின்று கதவைத் தட்டிக்கொண்டே இருப்பார்.

ஒத்திகை பத்து நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. பத்து நிமிடம் ஒத்திகை என்றால் அதன் பிறகு அரை மணி நேரமாவது உட்கார்ந்து பேச வேண்டும். இங்கேதான் படிப்பு நடக்கிறது என்பதை நான் எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது. நேரமில்லை என்று பல இடங்களில் வெட்டப்படுவது இந்தப் பேச்சுதான். அதை வெட்டினால் ஒத்திகை வெறும் பதற்றமாக மனத்தில் தங்கிவிடும். பதறியது மட்டும் நினைவிருக்கும் பிள்ளை அடுத்த முறை இன்னும் அதிகமாகப் பதறுவாள். அந்த நிலையில் ஒத்திகை நடத்தாமல் இருப்பதே மேல்.

நாற்காலிகளை வட்டமாகப் போடுவோம். டியூட்டரும் அதே உயரத்து நாற்காலியில் உட்கார வேண்டும். மூன்று விஷயங்களை முதலிலேயே சொல்லிவிடுவேன். இதற்கு மார்க் இல்லை. இங்கே பேசியது ஹாஸ்டலுக்குப் போகக் கூடாது. இங்கே உட்கார்ந்திருக்கும் எல்லோரும் நன்றாகச் செய்ய வேண்டும் என்று நினைத்தே செய்தார்கள் என்பதை நான் நம்புகிறேன். மூன்றாவதை முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்திலிருந்தே தப்புச் செய்தால் திட்டு என்று பழகி வந்த பிள்ளைகள் அதை உடனே நம்ப மாட்டார்கள். நீங்கள் தொடர்ந்து அப்படியே நடந்துகொண்டால்தான் நம்புவார்கள்.

முதல் கேள்வி, "இப்போ எப்படி இருக்கு?" என்பதுதான். கை நடுங்கியது, அழுகை வந்தது, கோபம் வந்தது என்று சொல்லி முடிக்கட்டும். பிறகு என்ன நடந்தது என்று அவர்களே வரிசையாகச் சொல்லட்டும். ஒத்திகையில் பங்கெடுக்காதவர்களுக்கும் வேலை உண்டு. ஒருத்தி நேரத்தைக் குறிப்பாள், ஒருத்தி யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்று எழுதுவாள், ஒருத்தி தாயிடம் யாராவது பேசினார்களா என்று மட்டும் பார்ப்பாள். "ஆக்ஸிடோசின் கேட்டதுக்கும் போட்டதுக்கும் நடுவுல மூணு நிமிஷம்" என்று சக மாணவியின் குறிப்பிலிருந்து வரும்போது அதன் கனமே வேறு.

கேள்வி கேட்கும் விதத்தில் எல்லாம் மாறிவிடும். "பிளாடரை ஏன் காலி பண்ணல?" என்று கேட்டால் தலை குனியும், "சாரி மேடம்" என்று வரும், அத்தோடு முடிந்தது. "யூட்ரஸ் தொப்புளுக்கு மேல ஏறி ஒரு பக்கமா சாய்ஞ்சிருந்ததை நான் பார்த்தேன். நீயும் அங்க கை வச்சிருந்த. அப்போ உன் மனசுல என்ன ஓடுச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். பிளாடர் (சிறுநீர்ப்பை) நிரம்பியிருப்பதற்கான அடையாளம் அது. நான் பார்த்ததை முதலில் சொல்லிவிட்டேன், ஆகவே அதில் பொறி இல்லை. அவள் யோசித்ததைத் தெரிந்துகொள்ள உண்மையாகவே விரும்புகிறேன். கேட்டபின் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். அந்த மௌனத்தை நாமே பதில் சொல்லி நிரப்பாமல் இருப்பதுதான் ஆசிரியருக்கு ஆகக் கடினமான திறன்.

அப்படிக் காத்திருந்ததால் கிடைத்த ஒரு பதில் எங்கள் ஒத்திகை முறையையே மாற்றியது. கால்மாட்டில் நின்ற ஒரு மாணவி ஒத்திகை முழுவதும் எதுவும் செய்யவில்லை. பார்த்தவர்கள் பயம் என்றே எழுதியிருந்தார்கள். மெதுவாகக் கேட்டபோது, "ரத்தம் பெருகுறதை நான்தான் மேடம் முதல்ல பாத்தேன். அக்கா எனக்கு சீனியர். அவங்க பாத்திருப்பாங்க, அவங்களே சொல்லட்டும்னு இருந்தேன்" என்றாள். அவளுக்குப் பாடம் தெரியும், கவனமும் இருந்தது. சீனியருக்கு முன்னால் வாய் திறக்கலாம் என்ற அனுமதி மட்டும் இல்லை. நம் வார்டுகளில் எத்தனையோ விஷயங்கள் இப்படித்தான் யாரோ ஒருவர் கண்ணில் பட்டும் சொல்லப்படாமல் போகின்றன.

அதிலிருந்து ஒத்திகைக்கு இரண்டு விதிகள் வந்தன. எதைப் பார்த்தாலும் யாரானாலும் சத்தமாகச் சொல்ல வேண்டும். தலைமை ஏற்பவள் "யாராவது ஆக்ஸிடோசின் எடுங்க" என்று சொல்லக் கூடாது. பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "ஆக்ஸிடோசின் 10 யூனிட் ஐ.எம்." (தசை ஊசி) என்று சொல்ல வேண்டும். கேட்டவள் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுப் போக வேண்டும், போட்டபின் "போட்டாச்சு" என்று சொல்ல வேண்டும். முதலில் கூச்சமாக இருக்கும். பழகினால் ஒத்திகையின் ஓசையே மாறிவிடும்.

டாக்டரைப் போனில் கூப்பிடுவதையும் இதேபோலத் தனியாகப் பழக்குகிறோம். டியூட்டர் பக்கத்து அறையில் உட்கார்ந்து, தூக்கத்தில் எழுப்பப்பட்ட டியூட்டி டாக்டராகப் பேசுவார். "சார், 12-ஆம் பெட் பேஷண்ட் ஒரு மாதிரியா இருக்காங்க" என்று தொடங்கினால் "சரி, பாத்துக்கோ" என்று போன் வைக்கப்படும். எஸ்பார் (SBAR) என்று இதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவமனைகளுக்கு வந்தது. நிலைமை, பின்னணி, என் கணிப்பு, எனக்கு என்ன வேண்டும் என்ற நான்கும் இந்த வரிசையில் வர வேண்டும். "சார், ஃபீமேல் மெடிக்கல் வார்டு ஸ்டாஃப் நர்ஸ் பேசுறேன். 12-ஆம் பெட், 58 வயசு, மூச்சு நிமிஷத்துக்கு 28, சாச்சுரேஷன் 88. நேத்து நிமோனியான்னு அட்மிட் ஆனவங்க. மூச்சுத்திணறல் கூடுதுன்னு நினைக்கிறேன், ஆக்சிஜன் போட்டிருக்கேன். நீங்க உடனே வந்து பாக்கணும்." பிள்ளைகள் தடுமாறுவது கடைசி வாக்கியத்தில். டாக்டரிடம் "வரணும்" என்று கேட்பது அவர்களுக்கு அதிகப்பிரசங்கித்தனமாகப் படுகிறது. அந்த ஒரு வரிக்காகவே இந்தப் பயிற்சியைத் திரும்பத் திரும்ப வைக்கலாம்.

நோயாளியாக நடிக்க ஆளை வைத்துப் பழக்கும் முறையை 1963-இல் ஹோவர்டு பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர் கலிஃபோர்னியாவில் தொடங்கினார். எங்களுக்கு நோயாளியாக வருபவர் மருத்துவமனை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஓர் ஆயாம்மா. சர்க்கரை மாத்திரையைப் பாதியில் விட்டவராக நடிப்பார். யாராவது பொறுமையாகக் கேட்டால் மட்டுமே காரணத்தைச் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. பேட்டி முடிந்ததும் அவரே கருத்துச் சொல்வார். "பாப்பா என் மூஞ்சியவே பாக்கல, நோட்டையேதான் பாத்துச்சு" என்று அவர் சொன்னது, தகவல்தொடர்பு பற்றி நாங்கள் காட்டிய ஸ்லைடுகள் எதுவும் செய்யாததைச் செய்தது. இவர்களுக்கு ஒரு நாள் கூலியைக் கட்டாயம் கொடுங்கள். அவர் செய்வது ஆசிரியர் வேலை.

இன்சுலினுக்கு ஒரு மேஜை போதும். நம் நாட்டில் மில்லிக்கு 40 யூனிட் உள்ள இன்சுலின் வயலும் (மருந்துக் குப்பி) 100 யூனிட் உள்ள மருந்தும் இரண்டுமே புழக்கத்தில் இருக்கின்றன. சிவப்பு மூடி சிரிஞ்ச் 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. தண்ணீர் நிரப்பிய வயல்களுக்கு லேபிள் ஒட்டி, சிரிஞ்சுகளைக் கலந்து வைத்து, "20 யூனிட் எடு" என்று மட்டும் சொல்வோம். 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை எடுத்தவளை, எத்தனை யூனிட் போயிருக்கும் என்று கணக்குப் போடச் சொல்வோம். அரை மில்லி, அதாவது 50 யூனிட். மறுபடி எடுக்கும்போது எல்லோருடைய கண்ணும் முதலில் லேபிளுக்குப் போகும். 40 வயலை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் எடுத்தால் 8 யூனிட்தான் போகும் என்பதையும் அவர்களே போட்டுப் பார்த்துவிடுவார்கள்.

புதிதாகச் சொல்லப்படும் எல்லா முறையும் எல்லா இடத்துக்கும் ஒத்துவருவதில்லை. வீட்டில் வீடியோ பார்த்துவிட்டு வகுப்புக்கு வா என்பது, ஹாஸ்டலில் போனுக்குக் கட்டுப்பாடும் சிக்னலுக்குத் தட்டுப்பாடும் உள்ள பிள்ளைகளிடம் பெரிய பலன் தரவில்லை. ஒரு பக்கம் அச்சடித்துக் கொடுத்தபோது படித்துவிட்டு வந்தார்கள். செயல்முறையைப் பழக்க பெய்டன் என்பவரின் நான்கு படி முறை எனக்கு மிகவும் பிடித்தது. ஆசிரியர் பேசாமல் ஒரு முறை செய்ய வேண்டும், விளக்கிக்கொண்டே ஒரு முறை, மாணவி சொல்லச் சொல்ல ஆசிரியர் ஒரு முறை, கடைசியில் மாணவியே செய்ய வேண்டும். மூன்றாவது படியைத் தவிர்த்துவிடாதீர்கள். அவள் சொல்லாததை நீங்கள் செய்யாமல் கையைக் கட்டி நின்றால், எங்கே விட்டுப்போகிறது என்பது இருவருக்கும் தெரிந்துவிடும்.

நோயாளிக்கு என்ன பராமரிப்பு என்று பக்கம் பக்கமாக எழுதும் கேர் பிளான் ரெக்கார்டு பற்றியும் சொல்ல வேண்டும். இரவெல்லாம் சீனியர் நோட்டைப் பார்த்து எழுதும் அந்த நேரம் பிள்ளைகளின் தூக்கத்திலிருந்து எடுக்கப்படுகிறது. கல்லூரிக்குள் எங்களால் முடிந்தவரை அதை ஒற்றைத் தாள் வரைபடமாக மாற்றினோம். நடுவில் நோயாளி, சுற்றிலும் பிரச்சினைகள், ஒன்று இன்னொன்றை எப்படித் தூண்டுகிறது என்று அம்புக்குறிகள். பக்கத்தில் உட்கார்ந்து ஓர் அம்பைக் காட்டி "இது ஏன் இப்படிப் போகுது?" என்று கேட்டால், காப்பியடித்தவளால் பதில் சொல்ல முடியாது, நோயாளியைப் பார்த்தவள் பேசிக்கொண்டே போவாள்.

"அறுபது பேர் இருக்கிற வகுப்புல இதெல்லாம் நடக்குமா?" என்று கேட்பார்கள். அறுபது பேருக்கும் ஒரே நாளில் நடக்காது. எட்டுப் பேர் கொண்ட குழுவாகப் பிரித்து, ஒரு குழு ஒத்திகையிலும் ஒரு குழு இன்சுலின் மேஜையிலும் ஒரு குழு போன் பயிற்சியிலும் சுற்றி வரலாம். மற்றவர்கள் வழக்கம்போல் வார்டில் இருப்பார்கள். மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளை முதலாம் ஆண்டுக்குக் கை கழுவுதலும் படுக்கை விரிப்பும் சொல்லித்தர வைத்தால் டியூட்டர்களுக்கு நேரம் மிஞ்சும், சொல்லித்தருபவளுக்கும் பாடம் உறுதியாகும். டைம்டேபிளில் எழுதும்போது "சிமுலேஷன், ஒரு மணி நேரம்" என்று போடாதீர்கள். "ஒத்திகை 10 நிமிடம், கலந்துரையாடல் 40 நிமிடம்" என்று பிரித்தே எழுதி முதல்வரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். எழுதியிருந்தால்தான் அடுத்த பீரியட் ஆசிரியர் கதவருகே வந்து நிற்கும்போது அந்த நாற்பது நிமிடத்தைக் காப்பாற்ற முடியும்.